சிமிழில் மிச்சம் ஒன்று

அந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்த மைக் அண்ணன், நிறுத்தாமல் தாண்டிப் போனார்.

இது இரண்டாவது தடவை.

கழுத்தில் கயிறு, கயிற்றில் சிறு பை, பைக்குள் சிமிழ், சிமிழுக்குள் நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் உடலாகவே நம்பி உண்ணும் அப்பம். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு ஆண்டவரை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊழியம். பங்குக் கோயிலில் இதற்கென்று நான்கு பேர் இருந்தார்கள். மற்ற மூவரும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். மைக் அண்ணன் கூடவே ஒரு பிரசங்கமும் வைத்துவிட்டுத்தான் வருவார்.

பெயர்க் காரணம் இன்னும் விளங்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கக் கொடுத்த மைக்கை, யாராவது வயரைப் பிடுங்கினாலொழிய விடமாட்டார். அவருக்குப் பிடித்த தலைப்பு கடவுளின் அன்பு. "கூட்டத்தோடு கூட்டமாக அல்ல, உன்னைத் தனியாக, உனக்கே உனக்காக நேசிக்கிறார்" என்பார். உன் தலைமுடியெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று குரல் தழுதழுக்கச் சொல்வார்.

அவர் விஷயத்தில் கடவுளுக்கு அது பெரிய வேலை இல்லை.

இன்றைக்குக் கண் தெரியாத பெரியவரைப் பார்த்தாயிற்று. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆசிரியையைப் பார்த்தாயிற்று. பாதியாக இளைத்துப்போன லாரி டிரைவரையும் பார்த்தாயிற்று. மிச்சம் ஒரு வீடு. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் ஓர் அம்மா. சிமிழிலும் மிச்சம் ஒன்றுதான். அந்த அம்மாவுக்கென்றே பங்குத்தந்தை எடுத்து வைத்தது.

சிக்கல் காலையில் ஆரம்பித்தது. அந்த அம்மா தண்ணீர் கேட்டார். கிளம்பும் அவசரத்தில் இருந்த மைக் அண்ணன், இன்னும் எத்தனை மாதம் இப்படிப் படுத்தே ராஜ்யம் நடத்துவதாக உத்தேசம் என்று கேட்டுவிட்டார். தண்ணீர் வந்தது. டம்ளரை வைத்த சத்தம் அடுத்த தெருவரை கேட்டிருக்கும்.

வேடிக்கையாகச் சொன்னது என்பது அவர் கட்சி. அந்த அம்மா சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது அந்த முகத்துக்கு எதிரே நின்று, சிமிழைத் திறந்து, "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்ல வேண்டும். அந்த அம்மா "ஆமென்" சொல்ல வேண்டும். சொல்லாமலே இருந்துவிட்டால்? திரும்பியே பார்க்காமல் போனால்?

ஊரையெல்லாம் பேசி அழவைத்த மனிதருக்குப் பேசாத ஒருவர் முன்னால் போய் நிற்க உதறல் எடுத்தது.

கோயிலுக்கே திரும்பிவிடலாம். ஏன் ஒன்று மிச்சம் என்று பங்குத்தந்தை கேட்பார். நோயாளி தூங்குகிறார் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆண்டவரையே நெஞ்சில் சாட்சிக்குத் தொங்கவிட்டுக்கொண்டு புளுகுவது மைக் அண்ணனுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

மிஞ்சியதைக் கொண்டுபோகிறவரே உட்கொள்ள விதி இடம் தருகிறது. அந்த அம்மாவுக்கென்று புறப்பட்டு வந்தவரை, நடுத்தெருவில் நின்று இவர் விழுங்குவதா? பக்கத்துத் தட்டுச் சோற்றை அள்ளித் தின்ற மாதிரி ஆகாதா?

ஆகவே சுற்றினார்.

சிமிழோடு போகும்போது வழியில் நிற்கக் கூடாது, அரட்டை கூடாது, டீ கூடாது. மற்ற மூவருக்கும் இதைப் பாடமாக எடுத்தவரே இவர்தான். டீக்கடையைக் கண்டதும் நாக்கு இழுத்தது. தாண்டிவிட்டார். பஞ்சர் கடையில் நின்றார். டயருக்குக் காற்றடிப்பது அரட்டையில் சேராது என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

கடைக்காரர் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏற்கெனவே உப்பிப்போய்த்தாண்ணே இருக்கு. இதுக்கு மேல அடிச்சா வெடிச்சிரும்."

மைக் அண்ணன் வண்டியை எடுத்தார்.

உச்சி வெயில். வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் சிமிழ் நெஞ்சில் தட்டியது. உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல என்று எழுதினால், அவர் அதை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்வார். தட்டியது, அவ்வளவுதான்.

சூரியனையும் நட்சத்திரங்களையும் படைத்தவர், நனைந்த பனியனுக்கும் கஞ்சி போட்ட சட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து, இந்த ஆள் எப்போது நிறுத்துவான் என்று காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவுமில்லை.

மைக் அண்ணனால் தாங்க முடியாதது அதுதான். யாராவது திட்டினால் பதிலுக்குத் திட்டலாம்.

மறுபடியும் அதே வாசல். இந்தத் தடவை அவரைக் கேட்காமலே கை பிரேக்கைப் பிடித்தது. இறங்கினார். செருப்பைக் கழற்றினார். ஹெல்மெட்டோடு கதவுவரை போய்விட்டு, கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மற்ற வீடுகளில் மணியை அடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பார். யாராவது ஓடிவந்து திறந்து, முழந்தாளிட்டு வரவேற்பார்கள்.

இங்கே மணியை அடிக்கவில்லை. பேண்ட் பையிலிருந்து தன் சாவியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே அவர் மனைவி, காலையில் விட்டுப்போன அதே நிலையில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அறை வாசலில் மைக் அண்ணன் நின்றார். சொல்ல வேண்டியதெல்லாம் மனப்பாடம். ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

சுவரிடம் சொல்வது போல அந்த அம்மா சொன்னார்.

"வண்டிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் படுத்திருக்கேன். இந்த வெயில்ல இன்னும் எவ்வளவு நேரம்தான் சுத்துவீங்க? உள்ள வாங்க, ரெண்டு பேரும்."