உரியும் சிவப்பு

இரவு முழுக்க உணவகத்தில் பாத்திரம் கழுவிய கிளிபோட்டுக்குத் தோள்மூட்டு கடுக்கிறது. பார்க்டேல் மாடிப் பல்கனியில் குந்தியிருந்து மோட்டார்சைக்கிளிலிருந்து கழற்றிய பிளாஸ்ரிக் மட்காட்டுக்குச் சிவப்பு அடிக்கிறான். மோட்டார்சைக்கிள், அறைக்குள்ளே நித்திரையாய்க் கிடக்கும் அறைத்தோழன் நிமலனுடையது; நேற்றுக் கிளிபோட் கேட்காமல் எடுத்து ஓடி விழுத்தி, மட்காட்டைக் கீறிவிட்டான். பின்னேரம் நிமலனிடம் சைக்கிளை விலைக்கு வாங்க மார்க்கம் நகரிலிருந்து ஆள் வருகிறது. ஏப்ரல் குளிரில் பெயின்ற் காய்வதாயில்லை. எழும்பித் தெருவை எட்டிப் பார்க்கிறான், திரும்பக் குந்துகிறான், பக்கத்தில் நிற்கும் தங்கை அன்ரனெற்றின் தலைமயிர் காயவைக்கும் மெஷினைப் பெயின்ற்றுக்கு நேரே பிடிக்கிறான். சிவப்பு கொப்பளித்துத் தோலாய் உரிகிறது. “பிளாஸ்ரிக்குக்கு முதல்ல வேறை பூச்சு அடிக்கவேணும் எண்டு கடைக்காரன் சொன்னவனெல்லே, அண்ணை?” “சும்மா விக்கிறதுக்குச் சொல்லுறான் எண்டு நினைச்சன்.” “இனிச் செபமாலை சொல்லி ஊது, காயும்.” கதவு திறக்கிறது. “டேய் கிளி, என்னடா மணக்குது?” நிமலன் கண்ணைக் கசக்குகிறான். கிளிபோட் மட்காட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்க, ஈரச் சிவப்பு சேர்ட்டில் ஒட்டுகிறது. “ஒண்டுமில்லை, போய்ப் படு.” கேட்காமல் எடுத்தேன், விழுத்தினேன் என்று நிமலனுக்குச் சொல்லவேண்டியது இன்னும் கடனாய்க் கிடக்கிறது.