பதினோராவது கேள்வி

"கடைசியா ரத்தம் குடுத்தீங்களே அண்ணே, அதுக்கு முன்னாடி வயித்துப்போக்கு ஏதாவது இருந்துச்சா?"

ரத்த வங்கி நர்ஸ் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. போன் பண்ணி, உடனே வரச் சொல்லி, உட்காரவைத்துக் கேட்டாள்.

படிவத்தில் அது பதினோராவது கேள்வி. இருபத்தைந்து நாளுக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்து 'இல்லை' என்று டிக் அடித்தது என் கைதான்.

உண்மையில் மூன்று நாள் படுத்தி எடுத்திருந்தது. தனி ஆள் சமையல் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய பன்றிக்கறியை அரைவேக்காட்டில் இறக்கி, வியாழன்வரை வைத்துத் தின்ற மகராசன் நான்.

'ஆமாம்' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பார்சல் கிடங்கில் எனக்கு வேலை. பெட்டிமேல் யார் பெயராவது இருக்கும், பேச்சுத்துணை இருக்காது. வீட்டிலும் அதே கதை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே வந்தால்தான், "சாப்பிட்டீங்களா? நல்லாத் தூங்கினீங்களா?" என்று என்னை ஒருத்தி கேட்பாள். படிவத்தில் இருப்பதைத்தான் கேட்கிறாள் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? கையைப் பிடித்து நரம்பு தேடுவாள். ஜூஸ் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்க விடமாட்டாள். அதற்காக முந்தின நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டுவைப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இப்போது என் ரத்தம் ஏறிய ஒரு பெண் மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகிறது. பாதிப் பை ஏறுவதற்குள் குளிர்ஜுரம் தூக்கிப்போட்டு, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விட்டதாம். என்ன கிருமி என்று ஆய்வகம் உறுதியாகச் சொல்ல இரண்டு நாள் ஆகும். அவள் அதுவரை தாங்கமாட்டாள்.

"சில கிருமி குளிர்லயும் பெருகும் அண்ணே. எங்க ஃபிரிட்ஜுலயே மூணு வாரமா வளர்ந்திருக்கும். இருந்துச்சுன்னா சொல்லிடுங்க, டாக்டர் மருந்தை மாத்தணும்."

சொன்னால் இனிமேல் இந்த நாற்காலி எனக்குக் கிடையாது. ஒரு உயிர் ஊசலாடும்போதும் என் புத்தி அங்கேதான் போனது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இருந்துச்சும்மா. மூணு நாள். பன்றிக்கறி சரியா வேகல. வேணும்னுதான் மறைச்சேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மேசைத் தொலைபேசியில் மேலே கூப்பிட்டு, பன்றிக்கறி, மூன்று நாள், எர்சினியா என்ற கிருமியாக இருக்கலாம் என்று மளமளவென்று சொன்னாள். மருந்தை மாற்றிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாராம் டாக்டர்.

அப்புறம்தான் என் வலது முட்டியைப் பார்த்தாள். பத்து நாளாக வீங்கி, காலை மடக்க முடியாமல் இருந்தது. பெட்டி தூக்கியதால் வந்த வலி என்று நினைத்திருந்தேன். அதுவும் அந்தக் கிருமி விட்டுப்போன வேலையாக இருக்கலாமாம். என்னையும் படுக்கையில் சேர்க்க வேண்டுமாம்.

"உங்க வீட்டுல யாரையாவது வரச் சொல்றேன்."

வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. டாக்டர் கூப்பிடுவார் என்பதால் மேசைத் தொலைபேசியைத் தொடாமல், தன் கைபேசியை எடுத்தாள். என் படிவத்தைப் புரட்டி, 'அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர்' என்ற கட்டத்தில் இருந்த எண்ணை அழுத்தினாள்.

நான் எழுந்து ஓடப் பார்த்தேன். முட்டி விடவில்லை.

மேசைத் தொலைபேசி அடித்தது.

டாக்டர்தான் என்று பாய்ந்து எடுத்து, "ஹலோ" என்றாள். அந்த ஹலோ அவளுடைய கைபேசியிலேயே கேட்டது.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ரத்தம் எடுக்க மாட்டோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவள் தலைக்குமேல் சுவரில் பெரிதாக ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதைப் பார்த்து எழுதிவிட்டேன்.