இரண்டு பாஷை

பாதைப் படகு கரையை விட்டு நகர்ந்ததும் ஆரபி அதில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் போய் ஏதோ கேட்டாள்.

அது இங்கிலிஷ் இல்லை.

பிரஷாந்திக்கு உடனே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை தோறும் களுவாஞ்சிகுடிக்கு இங்கிலிஷ் வகுப்புக்குப் போய்வந்த காது அவளுடையது. இந்தப் பேச்சில் அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அவளும் அதே பாஷையில் படபடவென்று பதில் சொன்னாள். அவளுடைய புருசன் கம்பியில் சாய்த்திருந்த சைக்கிளை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தான். மூன்று பேரும் வெகுநாள் பழகியவர்கள் போலக் கதைத்தார்கள்.

குருமண்வெளிக் கரையிலிருந்து மண்டூருக்கு ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்தத் தட்டைப் படகைத்தான் ஊரில் பாதை என்பார்கள். அத்தான் பெட்டிகளோடு வேனில் பாலத்தால் சுற்றிப் பழுகாமத்துக்குப் போய்விட்டார். ஆரபி பாதையில் போகவேண்டும் என்று அடம்பிடித்ததால் மேனுகா அக்காவும் பிரஷாந்தியும் அவளோடு ஏறினார்கள்.

கைக்குழந்தையாக அமெரிக்கா போன பிள்ளை. எட்டு வயதில் இப்போதுதான் முதல்தடவை வந்திருக்கிறாள்.

காலையில் வேனை விட்டு இறங்கியவளிடம், பயணம் எப்படி என்று பிரஷாந்தி இங்கிலிஷில் கேட்டாள். நல்லது, நன்றி ஆன்ட்டி என்று இங்கிலிஷிலேயே பதில் வந்தது. அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை.

மேனுகா கைபேசியைத் தூக்கி மகளைப் படம் பிடித்தாள்.

"பாத்தியா புள்ள, ஸ்பெயின்காரரோட என்ன மாதிரிக் கதைக்கிறாள் எண்டு. அவள்ர பள்ளிக்கூடத்தில பாதிப் பாடம் ஸ்பானிஷிலதான். நாலு வயசில இருந்தே."

நாலு வயது.

அந்த வயதில்தான், பிள்ளைக்குப் பேச்சுப் பிந்துகிறது, இரண்டு பாஷை கூடாது, வீட்டில் இங்கிலிஷ் மட்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டதாக அக்கா போனில் அழுதாள். பிரஷாந்தியும் சேர்ந்து அழுதாள். பிறகு வந்த அழைப்புகளில் அவள் திரையைப் பார்த்துக் கைமட்டும் அசைத்தாள். தன் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் விழுந்து பிள்ளையின் பேச்சைக் கெடுத்துவிடக்கூடாது என்று பயந்தாள்.

அதற்கு முன்னும் ஒருநாள் அக்கா அழுதிருக்கிறாள். டெக்சாஸில் ஒரு கடையில் குழந்தையோடு தமிழில் கொஞ்சியதை ஸ்பானிஷ் என்று நினைத்து ஒருத்தி, இது அமெரிக்கா, இங்கிலிஷில் பேசு என்று எல்லோர் முன்னாலும் ஏசினாளாம். அதன்பிறகு வெளியில் வாய் திறக்கவே பயமாயிருக்கிறது என்றாள். ஐயோ பாவம் என்று பிரஷாந்தி அன்று சோறு தின்னவில்லை.

எந்தப் பாஷை என்று நினைத்து அக்காவை ஏசினார்களோ, அதே பாஷையைப் பிள்ளை பேசுகிறாள் என்று அக்கா இப்போது படம் பிடிக்கிறாள்.

"ரெண்டு பாஷை கூடாது எண்டு டொக்டர் சொன்ன எண்டீங்களே, அக்கா."

மேனுகா கைபேசியைத் தாழ்த்தவில்லை.

"இப்ப அப்பிடிச் சொல்றல்ல. ரெண்டு பாஷை தெரிஞ்சாத்தான் அங்க மதிப்பு. தமிழப் படிச்சு அவள் அங்க ஆரோட கதைக்கிற?"

என்னோடு, என்று நாக்கு நுனிவரை வந்தது. பிரஷாந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள்.

வாவி அசையாமல் கிடந்தது. எதிர்க்கரைத் தென்னைகள் மெல்லப் பெரிதாகி வந்தன. டொக்டர் என்று ஒருவர் இருந்தாரோ என்னவோ. கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டால் அக்கா உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயமாயிருந்தது.

அப்போது ஸ்பெயின்காரி பிரஷாந்தியைக் கைகாட்டி ஆரபியிடம் ஏதோ கேட்டாள். அதில் மமா என்று ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

ஆரபி தலையை ஆட்டி மறுத்துவிட்டு மேனுகாவைக் காட்டினாள்.

பிரஷாந்திக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் போய் மாமா என்று கேட்கிறாளே என்று நினைத்தாள். என்ன கேட்டார்கள் என்று பிள்ளையிடம் இங்கிலிஷில் விசாரித்தாள்.

ஆரபி அவளுக்கு விளங்கவேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி இங்கிலிஷில் சொன்னாள். மமா என்றால் ஸ்பானிஷில் அம்மா. நீங்கள் என்னுடைய அம்மாவா என்று கேட்கிறார். கண்ணும் நாடியும் ஒரே மாதிரி இருக்கிறதாம். இல்லை, ஆன்ட்டி என்று சொன்னேன்.

மேனுகாவின் கைபேசி தாழ்ந்தது. அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

மேனுகாவுக்குப் பிள்ளை இல்லை. பிரஷாந்திக்கு ஆரபி மூன்றாவது. அமெரிக்கா போகும்போது அக்கா கேட்டாள். தங்கச்சி கொடுத்தாள்.

அன்று இருவரும் ஆளுக்கொரு வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். பிள்ளை வளர்ந்து நானே சொல்லும்வரை நீ அவளிடம் சொல்லக்கூடாது என்று அக்கா கேட்டாள். அவளுக்குத் தமிழ் மட்டும் சொல்லிக் குடுங்க அக்கா, ஒருநாளைக்கு நான் அவளோட கதைக்கவேணும் என்று தங்கச்சி கேட்டாள்.

நான் சொன்னது சரிதானே ஆன்ட்டி, என்று ஆரபி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஓம்," என்றாள் பிரஷாந்தி.

பிள்ளைக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னும் பதிலுக்குக் காத்து நின்றாள்.

பிரஷாந்தி அதை இங்கிலிஷில் ஒருமுறை சொன்னாள்.