ஒரு கார்டு பாக்கி

கடையின் பாயிண்ட் கார்டுகளை ஒழித்துவிட்டு மொபைல் செயலி கொண்டுவரும் வேலை சங்கரபாண்டியனுடையது. நாற்பதாயிரம் கார்டுகளையும் மாற்றிவிட்டார், ஒன்றைத் தவிர. அது அவர் மகள் கோமதியிடம் இருந்தது. "தேடி வராதீங்கப்பா, வந்தா செத்துருவேன்" என்று எழுதிவைத்துவிட்டுப் போனவள், மூன்று வருடமாக மாதம் ஒருமுறை ஓசூர் கிளையில் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உளுந்து, புளி, சோப்பு என்று அவள் வாங்குவதெல்லாம் அவர் திரையில் வந்து விழும். தை மாதம் பச்சைக் குழந்தைக்கான பால் பவுடர் விழுந்தது. மனசு கேட்காமல் அவள் கார்டில் ஐயாயிரம் பாயிண்ட் ஏற்றினார். அடுத்த மாதம் பில்லின் அடியில் அதைப் பார்த்திருப்பாள். ஒரு பாயிண்டைக்கூடத் தொடாமல் முழுப் பணமும் கொடுத்திருந்தாள். அதன் பிறகு அந்தக் கார்டு எந்தக் கிளைக்கும் வரவில்லை.

"ஒரு கார்டுதான சார் பாக்கி? மூடி விட்ருங்க. சாயங்காலம் பழைய சர்வர நிறுத்துறோம்" என்றார் மேனேஜர்.

"இன்னும் ஒரு வாரம் குடுங்க சார்."

"போன வாரமும் இதத்தான சொன்னீங்க."

அவர் போனதும் சங்கரபாண்டியன் அவசர அவசரமாக அந்த ஐயாயிரத்தை அழித்தார். அழித்தது கோமதிக்குத் தெரிய வேண்டுமானால், அவள் ஒருமுறை கார்டைத் தேய்க்க வேண்டும்.