ஏழாம் எண்ணின் நூல்

பிளோவ்திவ் நகரத்து ஆய்வகத்தில் அன்று எட்டு எலிகளுக்குத்தான் மூலிகைச் சாறு கொடுத்திருந்தார்கள். சாறு மனச்சோர்வைப் போக்குகிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றையும் ஆறு நிமிடம் ஜாடித் தண்ணீரில் விடுவார்கள். சோர்ந்த எலி நீந்தாமல் மிதக்கும். எட்டும் நீந்தி முடித்த பிறகும் கூண்டில் நனையாத எலி ஒன்று இருந்தது. அதன் வாலில் வெளிறிய சிவப்பு வெள்ளை நூல்.

ஆய்வாளர் ரலிட்சா குனிந்து அந்த நூலைத் தொட்டுப் பார்த்தாள். போன வருஷம் மார்ச் முதல் தேதி, ஊர் வழக்கப்படி, ஏழாம் எண் எலிக்கு அவள் கட்டிய நூல் அது. மரம் பூத்ததும் அவிழ்த்துக் கிளையில் கட்ட வேண்டும். அதற்குள் சோதனை முடிந்து, எலியின் கதையையும் முடித்துவிட்டார்கள்.

"இவன் எங்கேருந்து வந்தான்?" என்றபடி சக ஆய்வாளன் கலின் அதைத் தண்ணீரில் விட்டான். "அடேயப்பா, ஒரு நொடி நிக்கலையே! குஷியைப் பாரேன்!"

ஆறு நிமிடமும் இருவரும் கைதட்டிச் சிரித்தார்கள். தூக்கியபோது அதன் உடம்பில் ஈரமே இல்லை.

வாசலில் பிளம் மரம் பூத்திருந்தது. ரலிட்சா நூலை அவிழ்த்துக்கொண்டு ஓடிக் கிளையில் கட்டினாள். "மன்னிச்சிருடா, ஒரு வருஷம் லேட்டு."

திரும்பி வந்தபோது கூண்டில் எட்டு எலிகள். கலின் மீண்டும் கடிகாரத்தை ஓடவிட்டிருந்தான். எலியே இல்லாத ஜாடியில் தண்ணீர் வட்டமடித்து, விளிம்பைத் தாண்டித் தெறித்துக்கொண்டிருந்தது.