கப்பலைத் திருப்பியவன்

“சுட்டுத் தள்ளணும் இவன! நிக்க வெச்சு சுடணும்!”

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சந்துரு வாசலிலேயே நின்றுவிட்டான். விஷயம் அதற்குள் வீட்டுக்கு எட்டிவிட்டதா? தலையை நீட்டிப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அப்பா கலியன் திட்டிக்கொண்டிருந்தது டிவியை.

அதே பழைய இந்தித் தொடர். சந்துரு பள்ளிக்கூடம் போன காலத்தில் ஞாயிறுதோறும் வந்த விண்வெளிப் பட்டாளக் கதை. யாரோ அதை யூடியூபில் ஏற்றிவைக்க, கலியன் ஒன்று விடாமல் பார்த்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். ரசித்து அல்ல, காறித் துப்பிக்கொண்டே.

“வாடா, நல்ல நேரத்துல வந்த. ஹெல்மெட்ட பாரு, இட்லி குண்டான கவுத்து வெச்ச மாதிரி. கப்பலு தெர்மாகோலு. காத்தே இல்லாத எடத்துல கொடி படபடன்னு பறக்குது. இவன் சல்யூட் அடிக்கிறானா, ஈ ஓட்றானா?”

“புடிக்கலன்னா எதுக்குப்பா திரும்பத் திரும்ப பாக்குறீங்க?”

“இன்னும் எவ்ளோ புளுகுறான்னு பாக்கத்தான்.”

அம்மா ரேணுகா டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். “அவர வுடு. ஊருக்கு அந்தக் கோடி ஹடப்சர்லருந்து இந்த வெயில்ல பைக்லயா வந்த? மூஞ்சி ஏன் இப்டி இருக்கு?”

சந்துரு டம்ளரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளே எரிந்துகொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் இளக்காரம் இந்த மனிதருக்கு. அப்படி என்ன கிழித்துவிட்டார் இவர்? வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய் லாரி ஓட்டினார். முழு சர்வீஸ் முடிவதற்குள் ‘போதும்னு வந்துட்டேன்’ என்று வந்துவிட்டார்.

அப்புறம் சொந்த ஊருக்குத் திரும்பாமல் தாபோடியில் இந்த வீடு, ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை. பாஸ் இல்லாமல் வந்த முதலாளி மகனையே வெளியில் நிற்கவைத்த ஆள் என்று பெயர். ரூல் என்றால் ரூல். பிறந்ததிலிருந்து ஒரே ஒரு உத்தரவையாவது மீறியிருப்பாரா? இவரிடமா போய் அதைச் சொல்வது?

திரையில் எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். உடனே பின்வாங்கு என்று தலைமையகம் கத்துகிறது. அடிபட்ட வீரர்கள் சிலர் கீழே ஒரு கிரகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேப்டன் பல்லைக் கடித்தான், ரேடியோவை அணைத்தான், கப்பலைத் திருப்பினான்.

“திருப்பிட்டான் பாரு, பாகல்! பைத்தியக்காரன்!” கலியன் தொடையில் அடித்துக்கொண்டார். “சைக்கிள திருப்புற மாதிரி திருப்புறான்! பனியில வண்டிய திருப்புறது இன்னா லேசா? பின்னாடி வர்ற வண்டிங்க கதி இன்னா ஆவும்? மேல இருக்கறவன் போன்னா போயினே இருக்கணும்.”

விண்வெளியில் ஏது பனி? சொந்தக் கடுப்பில் என்ன உளறுகிறோம் என்றுகூடத் தெரியவில்லை இவருக்கு என்று சந்துரு மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

“அப்ப மாட்டிக்கிட்டவங்க செத்துப் போவட்டுமாப்பா?”

“உத்தரவுன்னா உத்தரவுடா. அவங்கள தூக்கினு வரப் போயி இவன் கெட்டான்னா, இவன எவன் வந்து தூக்குவான்?”

சந்துரு டம்ளரைக் கீழே வைத்தான். வருவது வரட்டும்.

“அப்பா, எனக்கு வேலை போயிடுச்சு.”

கலியன் திரும்பவில்லை. 

“என் டீம்ல பாதிப் பேர தூக்கணும், யார்யாருன்னு நீயே சொல்லுன்னாங்க. எல்லாம் ராப்பகலா உழைச்சவங்க. ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கா. என்னால முடியாதுன்னேன். மேல இருந்து ஆர்டர்னாங்க. அப்பவும் முடியாதுன்னுட்டேன். கேட்ல நிக்க வெச்சு, கழுத்துல இருந்த கார்ட வாங்கிக்கிட்டு வெளிய அனுப்பிட்டாங்க.”

ரேணுகாவின் கை வாயைப் பொத்தியது. ஆனால் அவள் பார்த்தது மகனை அல்ல, கணவரை.

திரையில் கப்பல் பத்திரமாகத் திரும்பிவிட்டது. பேண்டு வாத்தியம் முழங்க, ஒரு தொந்தி ஜெனரல் கேப்டனின் நெஞ்சில் பதக்கம் குத்தினார். ரேணுகா பதறிப்போய் ரிமோட்டைத் தேடினாள்.

“போதும்ங்க. நியூஸ் வெயிங்க.”

“இரு.” கலியன் ரிமோட்டைக் கொடுக்கவில்லை. “இதத்தான் பாக்கணும். சொல்பேச்சு கேக்காம திரும்பிப் போனவனுக்கு மெடலு! கைதட்டு வேற! தூ, இத விட பெரிய புளுகு ஒலகத்துல உண்டா?”

சந்துருவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டான்.

“எனக்கு யார் மெடலும் வேணாம்பா. திட்டறதா இருந்தா நேரா என்னத் திட்டுங்க. அந்த கேப்டன சாக்கா வெச்சு திட்டாதீங்க. நான் செஞ்சது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணல.”

கலியன் டிவியை அணைத்தார். சோபாவில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். சந்துரு தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். கலியன் மகனின் வெறும் கழுத்தைக் பார்த்தார்.

“உன்கிட்ட கார்டத்தான வாங்குனாங்க? அன்னிக்கு பனியில நான் வண்டிய திருப்புனதுக்கு என் யூனிஃபார்மையே கழட்டி வாங்கிக்கினாங்கடா.”