மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு

முதலில் வருகிற பிள்ளைதான் பள்ளிக்கூட மணியை அடிக்கலாம் என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து, அதுவரை தெரு அதிர அழுதபடி அம்மா இடுப்பில் வந்துசேர்ந்த ஒன்றாம் வகுப்பு நிரஞ்சனா, கோழிக்கு முன்னால் எழுந்துவிடுகிறாள். ஆனாலும் தினமும் எதிர்வீட்டு சர்வேஷ் முந்திக்கொண்டான். இன்றைக்கு அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அம்மா விழிப்பதற்குள் சீருடையைத் தானே மாட்டிக்கொண்டு ஓடினாள். பூட்டிய கேட்டின் கம்பிகளுக்கிடையே பையைத் தள்ளி, பின்னாலேயே தானும் நுழைந்து, மரத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தாள். பல்வரைக்கும் கிண்ணென்று அதிர்ந்தது. மறுபடி அடித்தாள், மறுபடியும். தெருவில் கதவுகள் திறந்தன. வாயில் பற்பசை நுரையோடு ஒருத்தி, சட்டையின் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டபடி ஒருவன், ஒற்றைச் செருப்போடு சர்வேஷ், எல்லாரும் கம்பிகளுக்கிடையே புகுந்து வரிசையில் நின்றார்கள். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீச்சர் கேட்டுக்கு ஓடிவந்தார்.

"அடி நிரஞ்சனா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமைடி!"

வரிசை அசையவில்லை. நிரஞ்சனா மணியடித்த கம்பியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அப்ப நான் அடிச்சது செல்லாதா டீச்சர்?"

டீச்சர் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "சர்வேஷு, எங்க வீட்டு ஆணியில பள்ளிக்கூடச் சாவி தொங்குது. ஓடு!"

அவன் திரும்புவதற்குள் நிரஞ்சனா பாதித் தெருவைத் தாண்டியிருந்தாள்.